வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை



கோடை விடுமுறை முடியப் போகிறது. மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இரண்டு மாதமாக ஒரே பேச்சுதான். எந்தப் பள்ளி, என்ன ஃபீஸ், தமிழ் மீடியமா இங்கிலீஷ் மீடியமா, மிஸ் எப்படி, டாய்லெட் சுத்தமாக இருக்கிறதா? எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அட்மிஷன் போட்டு, புத்தகமும் சீருடையும் வாங்கி வந்த பிறகுதான் பல வீடுகளில் அடுத்த கேள்வி எழுகிறது: "சரி, தினமும் யார் கொண்டுபோய் விடுறது?"

இந்தப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன். சொந்தக் கார் இல்லாத வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். அது ஏதோ சிறு கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவில் கார், ஜீப், வேன் வைத்திருந்த குடும்பங்கள் 100-க்கு ஐந்துகூட இல்லை. அதற்குப் பிறகு தெருவுக்குத் தெரு கார்கள் பெருகிவிட்டன, உண்மை. என்றாலும் இன்றும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போவது நடந்தோ, பஸ்ஸிலோ, ஆட்டோவிலோ, வேனிலோ, அப்பா அம்மாவின் டூ வீலரிலோதான்.

ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போதே ஒரு வழியையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். அந்த வழியில் நம் குழந்தை வருடத்துக்கு இருநூறு நாளுக்கு மேல் போய் வரப் போகிறது. பள்ளிக் கட்டடத்தை நான்கு முறை சுற்றிப் பார்க்கும் நாம், அந்த வழியை ஒரு முறையாவது காலை எட்டரை மணிக்குக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து பார்க்கிறோமா? அப்படிப் பார்த்தால் பல குடும்பங்களின் முடிவே மாறிவிடும் என்று நான் நம்புகிறேன்.

பள்ளி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது இன்று நேற்று வந்த எண்ணம் அல்ல. காமராஜர் முதல்வராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் ஊர் ஊராகத் தொடக்கப் பள்ளிகள் திறக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தது இந்த எண்ணம்தான்: சின்னக் கால்கள் நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருந்தால்தான் குழந்தை வரும். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமும் இதையே எழுத்தில் வைத்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆறு வயதுப் பிள்ளை வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தாலும் ஒரு கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் கடந்துவிடும். சட்டம் எழுதியவர்கள் குழந்தையின் நடையை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நாம்தான் அந்தத் தூரத்தை நீட்டிக்கொண்டே போனோம். எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் "பெரிய ஸ்கூல்" என்றால் ஒரு மயக்கம். அதற்காக நாலு வயதுப் பிள்ளையை ஆறு மணிக்கு எழுப்பி, தூக்கக் கலக்கத்திலேயே பல் துலக்கி, வாயில் இட்லியைத் திணித்து, ஏழு மணிக்கு வேனுக்காகத் தெருமுனையில் நிற்கிறோம். மாலை அது வீடு திரும்பும்போது விளையாட நேரம் இருப்பதில்லை, விளையாடத் தெம்பும் இருப்பதில்லை. இதில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்பு வரைக்குமாவது, நடந்து போகும் தூரத்தில் அன்பான ஒரு டீச்சர் இருக்கும் பள்ளி போதும். அது அரசுப் பள்ளியாக இருந்தாலும் சரி, மாநகராட்சிப் பள்ளியாக இருந்தாலும் சரி, தெருவோரத்துச் சின்னத் தனியார் பள்ளியாக இருந்தாலும் சரி. எல்.கே.ஜி.யில் கற்பதை எட்டு கிலோமீட்டர் போய்த்தான் கற்க வேண்டும் என்றில்லை.

அரசுப் பள்ளி பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு இன்னொரு சௌகரியமும் வந்திருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கப்பட்ட முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ பள்ளியிலேயே சூடாகக் கிடைக்கிறது. வேலைக்குப் போகும் அம்மாவுக்குக் காலையில் அரை மணி நேரம் மிச்சமானால், அந்த அரை மணியில் பிள்ளையை நடத்தியே கூட்டிப்போய் விட்டுவிட முடியும்.

எல்லோருக்கும் பக்கத்திலேயே பள்ளி அமையாது என்பதும் எனக்குத் தெரியும். வீட்டு வாடகை துரத்தி ஊர்க்கோடிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். மூத்தவள் படிக்கும் பள்ளியிலேயே இளையவனையும் சேர்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் துணை ஆட்டோ அண்ணன்தான். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

காலை ஏழே முக்காலுக்குத் தெருவில் அந்த ஹாரன் சத்தம் கேட்டதும் எத்தனை வீடுகள் பரபரக்கின்றன! எந்தப் பிள்ளை திங்கட்கிழமை அழும், எந்தப் பிள்ளைக்கு ஓரத்து சீட் வேண்டும், யார் வீட்டுப் பாட்டி இன்னும் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மழை பெய்தால் தார்ப்பாயை இறக்கிவிட்டுத் தான் நனைவார். மாலையில் வாசலில் ஆள் இல்லையென்றால் பிள்ளையை இறக்காமல் போன் போடுவார். இப்படிப்பட்ட மனிதர்களை நம்பித்தான் நகரங்களிலும் சிற்றூர்களிலும் ஆயிரக்கணக்கான தாய்மார்கள் வேலைக்குப் போகிறார்கள்.

அதே ஆட்டோவில்தான் டிரைவர் சீட்டின் இரண்டு பக்கமும் பிள்ளைகள் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், எதிர்ப்பலகையில் நான்கு பேர், பின்சீட்டில் ஐந்து பேர், மடியில் ஒருவர் என்று அடைந்திருப்பதையும், வெளிக்கொக்கியில் புத்தகப் பைகள் ஆடுவதையும் பார்க்கிறோம். ஆட்டோவில் மூன்று பெரியவர்கள், இல்லையென்றால் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் என்பதுதான் போக்குவரத்துத் துறையின் கணக்கு. பத்துப் பிள்ளைகளோடு ஓடும் ஆட்டோவைப் பார்த்து ஓட்டுநரைத் திட்டுகிறோம். ஆனால் மாத வாடகை பேசும்போது என்ன நடக்கிறது? "பக்கத்து வீட்டுல அவ்வளவுதானே குடுக்கறாங்க" என்று அடித்துப் பேசி, இருநூறு ரூபாய் குறைத்துவிட்டோம் என்று திருப்தியோடு உள்ளே வருகிறோம். பெட்ரோலோ கேஸோ, எஃப்.சி., இன்ஷூரன்ஸ், வண்டிக்கு மாதத் தவணை என்று அவர் செலவு எதுவும் குறைவதில்லை. குறைந்த இருநூறை ஈடுகட்ட அவருக்குத் தெரிந்த வழி இன்னும் ஒரு பிள்ளையை ஏற்றுவதுதான். நம் பிள்ளையின் சீட்டில் பாதியை நாமே விற்றுவிட்டு வருகிறோம் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும்.

இதற்கு வழி இருக்கிறது. ஒரே தெருவில், ஒரே அபார்ட்மெண்டில் இருக்கும் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஆட்டோவைப் பேசிக்கொள்ளலாம். "ஐந்து பிள்ளைகளுக்கு மேல் ஏற்றக் கூடாது, அதற்கு என்ன தொகை கட்டுப்படியாகும், நீங்களே சொல்லுங்க அண்ணே" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நியாயமாகத்தான் சொல்வார். கூடவே ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் அவருக்கு வருமானம் நின்றுபோகிறது என்பதையும் நினைக்க வேண்டும். ஜூனில் அவர் பிள்ளைக்கும் ஃபீஸ் கட்ட வேண்டும். விடுமுறை மாதத்துக்குப் பாதிச் சம்பளமாவது கொடுக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. அப்படிக் கொடுக்கும் வீட்டுப் பிள்ளையைப் பள்ளி திறந்த அன்று அவர் விட்டுவிட்டு வேறு சவாரிக்குப் போக மாட்டார்.

நம்பிக்கை என்று சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டோவானாலும் வேனானாலும் மாலையில் பிள்ளை வந்ததும், வீட்டுப்பாடம் என்ன என்று கேட்பதற்கு முன்னால் வழியில் என்ன நடந்தது என்று கேளுங்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யார் அடித்தார்கள், யார் தொட்டார்கள், டிரைவர் போன் பேசிக்கொண்டே ஓட்டினாரா? குழந்தை சொல்வதைப் பதறாமல் கேட்டால் அது எல்லாவற்றையும் சொல்லும். நம்மைத் தவிர வேறு யார் வந்து அழைத்தால் போகலாம் என்பதையும் அதற்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஐந்து வயதிலேயே மனப்பாடம் ஆகட்டும்.

பள்ளி வேன்களைப் பற்றி விதிகள் நிறைய இருக்கின்றன. அவை எப்படி வந்தன என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். 2012 ஜூலையில் சென்னையின் புறநகரில், ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கீழே விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது; அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தன. மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, பிள்ளைகளை ஏற்றி இறக்க ஓர் உதவியாளர், ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் முன் மாவட்ட அளவில் ஆய்வு எல்லாம் அப்படி வந்தவைதான். 2022 மார்ச்சில் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இரண்டாம் வகுப்புச் சிறுவன் இறந்த பிறகுதான் முன்னும் பின்னும் கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின. 2025 ஜூலையில் கடலூர் அருகே செம்மங்குப்பம் ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு குழந்தை இருக்கிறது. ஆகவே, "இந்த வருஷம் எஃப்.சி. ஆயிடுச்சா? உதவியாளர் வருவாரா? வழியில் ரயில்வே கேட் இருக்கா?" என்று பள்ளி அலுவலகத்தில் கேட்கத் தயங்காதீர்கள். கேட்டால் பள்ளிக்கு நம் பிள்ளையைப் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். நாலு பெற்றோர் சேர்ந்து கேட்டால் பதில் கட்டாயம் வரும்.

டூ வீலர் பற்றி எழுதத்தான் மனம் கனக்கிறது. முன்னால் நிற்கும் பிள்ளை, பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, நடுவில் ஹெல்மெட் போட்ட அப்பா. இந்தக் காட்சியில் ஹெல்மெட் இருப்பது ஒரே தலையில். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கும் தலைக்கவசம், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்பு பெல்ட், 40 கிலோமீட்டருக்கு மேல் போகாத வேகம் ஆகிய மூன்றும் வேண்டும் என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நம் ஊரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பிள்ளைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு ஸ்கூல் ஷூ வாங்கும்போதே அதன் தலை அளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட்டும் ஒன்று வாங்கிவிடுங்கள். முன்னால் நிற்க வைப்பதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். திடீர் பிரேக் போட்டால் ஹேண்டில் பாரில் இடிபடுவது அந்தப் பிஞ்சு நெஞ்சுதான்.

ஓட்டுபவர் தவிர ஒருவர்தான் டூ வீலரில் ஏறலாம் என்பது சட்டம். இரண்டு பிள்ளைகளோடு ஒரே ஸ்கூட்டி இருக்கும் வீடு என்ன செய்யும்? 2023-ல் கேரளத்தில் சாலைகளில் கேமரா வைத்து அபராதம் விதிக்கத் தொடங்கியபோது இதே கேள்வி அங்கே பெரிதாக எழுந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விலக்கு கொடுங்கள் என்று மாநில அரசு மத்திய அரசைக் கேட்டுப் பார்த்தது. விலக்கு கிடைக்கவில்லை. பாதுகாப்பு என்ற கண்ணில் பார்த்தால் கொடுக்காததே சரி. ஆனால் அந்தக் குடும்பத்துக்கு வேறு வழி காட்டாமல் அபராதச் சீட்டை மட்டும் நீட்டுவதை என்னால் சரியென்று ஏற்க முடியவில்லை. அந்த வேறு வழி என்ன? நல்ல பஸ்தான்.

நம் பஸ்ஸில் நிறையவே நல்லது நடந்திருக்கிறது. அரசுப் பேருந்தில் பள்ளி மாணவர்களுக்குப் பயணம் இலவசம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. 2022-ல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் டிக்கெட் வேண்டாம் என்றாயிற்று. இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்: எல்.கே.ஜி. பிள்ளையை அம்மா டவுன் பஸ்ஸில் கூட்டிப்போய் விட்டுவிட்டு, வீடு திரும்பி, மாலையில் மறுபடி போய் அழைத்து வந்தாலும் ஒரு ரூபாய் செலவில்லை. பெண்கள் இலவசப் பயணத்தைப் பற்றி மேடைகளில் எவ்வளவோ பேசுகிறார்கள். ஒரு குழந்தையின் பள்ளி நாளுக்கு அது நான்கு பயணங்களைத் தருகிறது என்பதை யாரும் பேசிக் கேட்டதில்லை.

குறையும் இருக்கிறது. காலை எட்டு மணி பஸ்ஸில் பெரியவர்களுக்கே கால் வைக்க இடமில்லை. குழந்தை இடுப்பளவு உயரத்தில் மூச்சு முட்டி நிற்கிறது. படிக்கட்டு அதன் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. சென்னையில் 2024 முதல் ஓடும் தாழ்தளப் பேருந்துகள் மாற்றுத்திறனாளிகளின் நீண்ட போராட்டத்தால் வந்தவை. அவர்கள் போராடிப் பெற்ற அந்தத் தாழ்ந்த படியில் இன்று நான்கு வயதுப் பிள்ளையும் யாரும் தூக்கிவிடாமல் தானாக ஏறுகிறது. நன்றியோடு இதைச் சொல்கிறேன். எல்லா ஊருக்கும் அந்தப் பேருந்துகள் வர வேண்டும். காலை எட்டிலிருந்து ஒன்பது வரை பள்ளிகள் இருக்கும் தடங்களில் கூடுதல் பஸ் வேண்டும்.

மலையில் இருப்பவர்களின் நிலை வேறு. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்தும் காட்டோரக் குடியிருப்புகளிலிருந்தும் பள்ளிக்குப் போகும் பாதையில் யானையும் காட்டெருமையும் வரும். பக்கத்தில் பள்ளியே இல்லாத இத்தகைய குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு வண்டி வசதியும் கூடவே போகும் ஒரு வழித்துணையும் ஏற்பாடு செய்ய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நிதி உண்டு. எட்டாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை ஒதுக்கலாம். தலைமையாசிரியர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழு கேட்க வேண்டும். இந்தப் பக்கத்தை வாசிக்கும் மலைப்பகுதி ஆசிரியர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஊர்ப் பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இனி நடை. அக்கா தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, போகிற வழியில் இன்னும் இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு போவதுதான் நம் ஊர்ப் பழக்கம். அதைப் பழைய காலத்துச் சங்கதி என்று நாம் கைவிட்டோம். ஜப்பானில் பல ஊர்களில் இன்றும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் தெருவாரியாகச் சேர்ந்து, பெரிய வகுப்புப் பிள்ளை முன்னால் போக, வரிசையாக நடந்தே போகிறார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகள் தூரத்திலிருந்தே தெரியும்படி மஞ்சள் தொப்பி போட்டிருப்பார்கள். சாலை கடக்கும் இடங்களில் பெற்றோரும் பெரியவர்களும் மஞ்சள் கொடியோடு நிற்பார்கள். வீட்டு முகவரிப்படிதான் அங்கே அரசுத் தொடக்கப் பள்ளி ஒதுக்கப்படுகிறது என்பதால் நடக்கும் தூரத்தில் பள்ளி இருக்கிறது. வசதி இருந்தும் அவர்கள் நடக்க விடுகிறார்கள்.

இங்கே நடைபாதை எங்கே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019-ல் பாண்டி பஜார் கடைவீதியில் நடைபாதை வளாகமும் திறக்கப்பட்டது. துணிக்கடை வாசலில் அழகாக வந்த நடைபாதை பள்ளிக்கூட வாசலுக்கும் வர வேண்டும். பள்ளியைச் சுற்றி நாலு தெருவில் மட்டும் மூடாத வடிகாலை மூடி, நிறுத்தியிருக்கும் பைக்குகளை நகர்த்தி, வேகத்தடை போட்டு, காலை மாலை அரை மணி நேரம் ஒரு காவலரையோ ஊர்க்காவல் படை ஆளையோ நிறுத்தினால் போதும். வார்டு கவுன்சிலரால் முடியாத காரியம் எதுவும் இதில் இல்லை. கார் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பள்ளி வாசலுக்கு ஐம்பது மீட்டர் முன்னாலேயே காரை நிறுத்தி, கடைசித் தூரத்தைப் பிள்ளையோடு நடந்து போங்கள். வாசல் மற்றப் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும்.

பையின் கனத்தையும் குறைக்க வேண்டும். குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக் கூடாது என்று 2020-ல் மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை சொன்னது. இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டு கிலோ. இன்று இரவே சமையலறைத் தராசிலோ பக்கத்து மளிகைக் கடைத் தராசிலோ பையை வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, காலையை விடக் கடினமானது மாலைதான். எல்.கே.ஜி. மதியமே விட்டுவிடும், மற்ற வகுப்புகள் மூன்றரைக்கோ நான்குக்கோ விடும், அலுவலகம் ஆறு மணிக்கு விடும். இடையில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்காக வேலையை விட்ட பெண்கள் எத்தனையோ பேர். நல்ல படிப்பு, நல்ல சம்பளம், ஆனால் நான்கு மணிக்கு வாசலில் நிற்க ஆள் இல்லை. தாத்தா பாட்டி பக்கத்தில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்கள் முறை வைத்துக்கொள்ளலாம்: திங்கள், செவ்வாய் உங்கள் வீட்டுக்காரர் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டி வரட்டும், புதன், வியாழன் எதிர்வீட்டு அக்கா, வெள்ளிக்கிழமை மூன்றாவது வீடு. "வீட்டுக்காரர்" என்று யோசித்துத்தான் எழுதினேன். பள்ளி வாசலில் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அம்மாக்களும் பாட்டிகளுமாக இருக்கும் நிலை மாற வேண்டும். அலுவலகங்களும் அப்பாக்களுக்கு வாரத்தில் ஒரு நாளாவது முன்கூட்டிப் போக அனுமதி கொடுக்கட்டும்.

உங்கள் பிள்ளை எப்படிப் பள்ளிக்குப் போகிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், வழியில் எந்த இடத்தில் பயம், யார் உதவுகிறார்கள், தெருவோடு சேர்ந்து என்ன ஏற்பாடு செய்துகொண்டீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். அப்பாக்களின் கடிதங்களைத் தனியாக எதிர்பார்க்கிறேன். ஆட்டோ, வேன் ஓட்டும் அண்ணன்மாரும் எழுதலாம். எழுத நேரமில்லை என்றால் வண்டியில் வரும் பிள்ளைகள் வீட்டில் யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லுங்கள். வரும் கடிதங்களை ஜூலை இதழில் வெளியிடுகிறோம். நடைபாதை, வேகத்தடை, கூடுதல் பஸ் பற்றிய கோரிக்கைகளை ஊர்வாரியாகத் தொகுத்து, அந்தந்த மாநகராட்சிக்கும் நகராட்சிக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் எங்கள் செலவிலேயே அனுப்பி வைக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்